கோட்டுக்கு வெளியே இருந்த வெந்நீர்

அவளை வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்பது பொய். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்பது அதைவிடப் பெரிய பொய். வேறு கம்பெனிக்காரனிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு சொந்தக் கம்பெனியைக் கவிழ்த்துவிட்டாள் என்று மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்களே, அதைச் சொன்ன வாய், அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ மாலை டீ குடித்த வாய். மாடி வீட்டம்மாவுக்கு அவள்மேல் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கோபம் வேறு, கட்டிவிடுகிற கதை வேறு. நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அவளுக்குச் சல்லடை என்று பேர் வந்ததே இந்தக் கட்டடத்தில்தான். கல்யாணமாகி வந்த புதிதில், கீழே வாசலில் இருந்த குப்பைத் தொட்டி வாரம் முழுக்க நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டார் மேல் வீட்டாரைச் சொன்னார்கள், மேல் வீட்டார் எதிர் வீட்டாரைச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப்பெண் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்த் தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். காய்கறித் தோலைத் தனியாக, காகிதத்தைத் தனியாக, உடைந்த பாட்டிலைத் தனியாகப் பிரித்து வைத்தாள். பாதிக் குப்பை இந்தக் கட்டடத்துக் குப்பையே இல்லை, தெருக்கோடியில் இருந்த சலூன்காரர் கொண்டுவந்து கொட்டியது என்று நிரூபித்தாள். ஒரு குவியல் முழுக்க வெட்டிய முடி.

மாமியார் ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்க் குப்பையைக் கிளறவாடா இவளக் கட்டிட்டு வந்தே?"

"சல்லடையக் கட்டிட்டு வந்திருக்கேம்மா. அது சலிக்கத்தான் செய்யும்," என்றார் புருஷன்.

அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிற டிரைவிங் மாஸ்டர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் செய்யும் தவறுக்குத் தான் பிரேக் போடுகிறவர். அதனாலோ என்னவோ, எதற்கும் பதறமாட்டார். அவர் வைத்த பேர் மாடிப்படி ஏறி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

அவள் பார்த்த வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ரசாயனத் தொழிற்சாலைகளைக் காகிதத்தில் வடிவமைத்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. அதில் அவள் பங்கு இதுதான். ஒரு பொருளைச் செய்ய என்னென்ன உள்ளே போகிறது, பொருளாக வந்தது போக மிச்சம் எங்கே போகிறது, புகையாகப் போகிறதா, கழிவுநீராகப் போகிறதா, வேலை செய்கிறவன் நெஞ்சுக்குள் போகிறதா, எவ்வளவு நெருப்பு எரிகிறது, இந்த மண்ணும் காற்றும் இதை எத்தனை காலம் தாங்கும். இத்தனையையும் ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சமையலை எடைபோட உட்கார்ந்தால் சட்டியில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதுமா? கழுவி ஊற்றிய தண்ணீர், அடுப்பில் எரிந்தது, சமைத்தவள் கண்ணில் போன புகை, எல்லாம் சேர்ந்ததுதானே சமையல். அந்தக் கணக்குதான், பெரிய அளவில்.

ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால் படத்தில் தொழிற்சாலையைச் சுற்றி ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு உள்ளே நடப்பது நம் கணக்கு, வெளியே நடப்பது நம்முடையது அல்ல. அந்தக் கோடு இல்லாமல் வேலை ஓடாது, உலகம் முழுவதையும் யாராலும் தராசில் ஏற்ற முடியாதே. எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது என்று அவளே சொல்வாள்.

தலையில் நரை விழுகிற வரை அவள் அந்த வேலையைச் செய்தாள். வடிவமைத்தது எதுவும் அவள் கண்ணெதிரே எழும்பவில்லை. சிலது பணம் போதாமல் நின்றது, சிலது ஆள் மாறியதால் நின்றது, ஒன்று மட்டும் ஏதோ கண்காணாத தேசத்தில் கட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. யாரும் அவளுக்கு ஒரு போட்டோகூட அனுப்பவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தான் வரைந்த குழாய் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். உள்ளே ஓடுகிற சூடு கையில் ஏற வேண்டும். அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது எங்காவது ஆலைகள் தெரிந்தால் போதும், பேச்சு நின்றுவிடும், கழுத்து திரும்பிக்கொண்டே போகும்.

ஒரு தடவை புருஷன் வேடிக்கையாகச் சொன்னார். "ஏன் அடுத்த வீட்டுக் குழந்தைய எட்டிப் பாக்குற மாதிரிப் பாக்குற?"

சொன்ன மறு நொடி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவள் ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கிய இடத்தைத் துடைத்துவிட்டு இன்னும் பார்த்தாள்.

அப்போதுதான் பசை ஆலை வந்தது. ஊருக்குக் கிழக்கே, செருப்புக்கும் ஷூவுக்கும் ஒட்டுகிற பசையைச் செய்கிற பழைய ஆலை ஒன்று இருக்கிறது. தின்னர் போல நெடி அடிக்கிற ஒரு திரவத்தில் கரைத்துத்தான் அங்கே பசை செய்கிறார்கள். மாடி வீட்டம்மாவின் மகன் அங்கேதான் வேலை. ஷிப்டு முடிந்து வருகிறவன் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவான். ஏறிய பிறகு இருட்டு அறையில் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்துவிடுவான். படியில் அவனைப் பார்த்துப் பார்த்துத்தான் சல்லடைக்கு அந்த யோசனை வந்தது. அந்த நெடித் திரவமே இல்லாமல், தண்ணீரில் பசை செய்கிற ஆலை.

தண்ணீரில் ஒரு சங்கடம் உண்டு. நெடி அடிக்கிற திரவம் சட்டென்று பறந்துவிடும், தண்ணீர் லேசில் கிளம்பாது. துணி காயப்போடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பசையில் இருந்து தண்ணீரை விரட்ட நிறையச் சூடு வேண்டும். சூட்டுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பசைக் கம்பெனி பார்த்து வைத்த மனைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. அதன் உலை ராப்பகல் எரியும், அந்த அனல் முழுக்கப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். வீணாய்ப் போகிற அனல்தானே, அதை வாங்கிக்கொண்டால் புதிதாக எதையும் எரிக்க வேண்டாம். கண்ணாடித் தொழிற்சாலையும் தருகிறேன் என்று சம்மதித்தது. கணக்கில் அந்தச் சூட்டுக்குப் புகையும் இல்லை, எரிபொருளும் இல்லை என்று போட்டாள். அந்த மாதிரிக் கணக்கில் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்.

பசைக் கம்பெனிப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மனை வாங்கியாயிற்று. புது ஆலைக்கு மாற்றப் போகிறவர்களின் பேச்சு வந்தபோது மாடி வீட்டு மகன் பேரும் அதில் இருந்தது. அன்றைக்கு மாடி வீட்டம்மா தட்டு நிறையத் தின்பண்டம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"நீ நல்லா இருக்கணும் தாயி. என் புள்ளைக்குத் தலைவலி இல்லாத ஒரு நாள் வரப் போகுதுன்னா அது உன்னாலதான்."

"இன்னும் கட்டலையேக்கா. கட்டட்டும்."

"கட்டாம எங்க போவான். நீ போட்ட கணக்காச்சே."

சல்லடையும் அப்படித்தான் நினைத்தாள். அன்று சாப்பிடும்போது மேசையில் விரலால் குழாய் போகிற வழியைப் புருஷனுக்குக் காட்டினாள். உப்புக் கிண்ணம் கண்ணாடி உலை, தண்ணீர்ச் செம்பு பசையைக் காய வைக்கிற உலர்த்தி. மாமியார் உப்பைக் கேட்டபோது, "இருங்க அத்தை, உலைய எடுத்துட்டா ஆலை நின்னுடும்," என்றாள். மாமியார் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார். அப்படி அவள் சிரித்து இந்த வீடு பார்த்ததில்லை.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் மனையைப் பார்க்கப் போனாள். போக வேண்டிய அவசியம் இல்லை. நிற்க ஆசை. வெறும் கட்டாந்தரையில் நின்று, உலர்த்தி வரப் போகிற இடத்துக்கு நடந்தாள், பைப் வரப் போகிற உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்துத் தொழிற்சாலையில் இருந்து உலைக்காரர் ஒருவர் வேலியோரம் வந்து நின்றார். சுற்றிக் காட்ட வந்தவர், நல்ல மனிதர்.

"என்ன மேடம், கொசு அடிக்கிறீங்களா?"

"இல்லீங்க. இங்கதான் என் குழாய் வரப் போகுது. எட்டுதான்னு பாக்குறேன்."

"எட்டலன்னா ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம்," என்றார். "வெயில்ல நிக்காதீங்க. வீடு பக்கத்துலதான், வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிக் கதவுகள், வாசலில் மட்டும் அவரவர் சைக்கிள். உலைக்காரரின் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தார். சல்லடை கை கழுவ வாஷ்பேசின் குழாயைத் திருகினாள். தண்ணீர் சுட்டது. விரலை இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். நல்ல வெந்நீர்.

"ஹீட்டர் போட்டிருக்கீங்களாக்கா?"

"ஹீட்டரா? அதெல்லாம் இங்க எந்த வீட்டுலயும் கிடையாது. உலைச் சூடுதான். ரெண்டு வருஷமா குழாய் போட்டுக் குடுத்திருக்காங்க. குளிக்க, துவைக்க, குளிர் நாள்ல வீடு கதகதப்பா இருக்க, எல்லாத்துக்கும் அதுதான்."

"அந்தச் சூட்டத்தான் எங்களுக்குத் தரப் போறாங்க," என்றாள் சல்லடை மெதுவாக.

உலைக்காரர் தலையாட்டினார். "தெரியும் மேடம். அதனால எங்களுக்கு ஒண்ணும் குறை வராதாம். எண்ணெயில எரியிற பாய்லர் ஒண்ணு தனியா வாங்கி வைக்கிறாங்க. ஆர்டரே குடுத்தாச்சு."

அவள் டீயைக் குடித்தாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. அவள் பார்த்த பழைய விவரத்தில் அந்த அனல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கே வந்து பார்த்தால் அது குவார்ட்டர்ஸ் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் ஆலை அதை எடுத்துக்கொள்ளும், இவர்களுக்காக இன்னொரு பாய்லர் எண்ணெயைக் குடித்துப் புகை விடும். அந்தப் புகை அவள் கணக்கில் வராது. ஏனென்றால் குவார்ட்டர்ஸ் கோட்டுக்கு வெளியே இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் நாலைந்து நாள் படத்தை விரித்து வைத்துக்கொண்டாள். உட்கார்ந்து கோட்டைத் தள்ளிப் போட்டாள், குவார்ட்டர்ஸை உள்ளே எடுத்தாள், மறுபடி கணக்குப் பார்த்தாள். எங்காவது தான் தப்பாகப் போட்டிருக்க வேண்டும் என்று ஏங்கி ஏங்கிப் பார்த்தாள். தப்பு எதுவும் அகப்படவில்லை. தொழிலாளியின் மூச்சுக்குப் புது ஆலைதான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. குவார்ட்டர்ஸ் பாய்லரையும் சேர்த்துக் காற்றுக்கும் நெருப்புக்கும் பார்த்தால், பழைய நெடிபிடித்த ஆலையைவிடப் புதியது அதிகம் தின்றது.

புருஷனிடம்தான் முதலில் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "நீ சொல்லலன்னா யாராவது கண்டுபிடிப்பாங்களா?" என்றார்.

"மாட்டாங்க."

"சொன்னா?"

"கட்ட மாட்டாங்க."

அவர் அவள் தட்டில் கிடந்ததைச் சாப்பிடச் சொன்னார். அவ்வளவுதான். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பாளோ என்று அவளுக்கே பிற்பாடு தோன்றியது உண்டு.

ஆபீஸில் மேனேஜர் கெட்டவர் இல்லை. கடைசி வரை கேட்டார்.

"மேடம், குவார்ட்டர்ஸ் நம்ம கோட்டுக்கு வெளிய இருக்கு."

"கோட்ட யாரு போட்டது சார்?"

"நீங்கதான்."

"அப்ப அழிக்க வேண்டியதும் நான்தானே."

"உங்க ஆலை மேடம் இது. இத்தன வருஷத்துல நீங்க கண்ணால பாக்கப் போற மொதல் ஆலை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன் சார். அந்தக் குழாய் மேல கைய வச்சா சூடு தெரியும். அது யாரு வீட்டுச் சூடுன்னும் சேந்து தெரியும். என்னால வைக்க முடியாது."

யாருக்கும் தேவைப்படாத அனல் இருக்கிற இடமாகப் பார்த்து இதே ஆலையைக் கட்டுங்கள் என்று பெரியவர்கள் முன்னால் மன்றாடினாள். மனை வாங்கியாயிற்று, வேறு இடம் தேடப் பொறுமை இல்லை என்றார்கள். திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த மனையில் இப்போது லாரி நிற்கிறது. பழைய பசை ஆலை பழையபடி ஓடுகிறது.

மாடி வீட்டம்மா இறங்கி வந்தார். இந்தத் தடவை கையில் தட்டு இல்லை. உள்ளே வரவும் இல்லை, வாசலிலேயே நின்றார்.

"அந்தக் குவார்ட்டர்ஸ்காரங்க உனக்கு யாரு?"

"யாருமில்லக்கா."

"என் புள்ள உனக்கு யாரு? பொறந்ததுலேருந்து பாத்திருக்க. உன் மடியில கெடந்தவன். அவங்களுக்குப் பாய்லர் வருது, குளிக்கத்தான் போறாங்க. இவனுக்கு என்ன வருது, சொல்லு. கணக்குப் போட்டுச் சொல்லு."

எந்தக் கேள்விக்கும் சலித்துச் சலித்து ஒரு பதில் வைத்திருப்பவளிடம் அன்று ஒன்றும் இல்லை. கீழே யாரோ படியேறுகிற சத்தம் கேட்டது, நின்று நின்று. இரண்டு பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இதுதான் அந்தக் கோபம். இதைக் கோபம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பேர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் துரத்தினார்கள் என்கிறீர்களே, துரத்தவா செய்தார்கள்? பதவி உயர்வு கொடுத்தார்கள். "உங்கள மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும். இனிமே எல்லாரோட டிசைனும் உங்க கண்ணுல பட்டுத்தான் வெளிய போகணும்," என்றார் மேனேஜர். தனி அறை, கண்ணாடிக் கதவு. அந்த அறையில் நாற்காலி மெத்தென்று இருந்தது. சல்லடை அதில் உட்கார்ந்து, மற்றவர்களின் ஆலைகளைச் சலித்துக்கொண்டு, தலை முழுக்க நரைக்கிற வரை இருக்கப் போகிற தன்னைப் பார்த்தாள். வெளியே வந்தபோது, "எனக்கு வேணாம் சார்," என்றாள்.

"வேற என்ன வேணும்?"

"அந்த டிசைன எனக்குக் குடுத்துடுங்க. உங்களுக்கு வேணாம்னுதானே விட்டீங்க."

கொடுத்தார். மனசார, கையெழுத்துப் போட்டே கொடுத்தார். கை நீட்டி வாங்கினாள் என்று பேசுகிறீர்களே, அவள் வாங்கியது இதைத்தான்.

அப்புறம் தேடினாள். ரொம்பத் தூரத்தில், ஒரு பொட்டல் வெளியில் செம்பு உருக்குகிற ஆலை இருப்பதாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி சின்னதாகப் பசை ஆலை போட்டுப் பார்க்கத் தயாராக இருந்தது. இந்தத் தடவை முதலில் கணக்கை எடுக்கவில்லை, நேரிலேயே போனாள். சுற்றி வீடு ஏதும் உண்டா என்று நடந்தே பார்த்தாள். உருக்காலையின் சூடு ஒரு குட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது, குட்டைத் தண்ணீர் கையை வைக்க முடியாமல் கொதித்தது, ஓரத்தில் மீன் வெள்ளையாக மிதந்தது. அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டால் குட்டை பிழைக்கும். ஓர் ஆள் விடாமல் கேட்டாள். அனல் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆலை எழும்புகிற வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். அது வருஷக்கணக்காகும். புருஷனால் கிளம்ப முடியாது. மாமியாருக்கு மூட்டு வலி, பாத்ரூமுக்குப் போகவே தோள் வேண்டும். பயிற்சிப் பள்ளியை மூடினால் வீடு ஓடாது.

"போ," என்றார் அவர்.

"போகாதேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"நான் பக்கத்து சீட்டுக்காரன். ஆபத்துன்னாத்தான் பிரேக் போடுவேன். இதுல ஆபத்து எங்க இருக்கு?"

அவர் சிரித்தார். ஆனால் அவளுடைய பெட்டியைப் பரணில் இருந்து இறக்கியவர், அதைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மாடி வீட்டு மகனையும் கூப்பிட்டாள். நெடி இல்லாத ஆலை, உனக்கு வேலை உண்டு, வருகிறாயா என்று. அவனுக்கு ஆசைதான். அவன் அம்மாதான் விடவில்லை. "ஒரே புள்ள. கண்ணுக்கு மறைவா அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்? தலைவலியோட இருந்தாலும் என் கண்ணு முன்னால இருக்கட்டும்," என்று படியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கண்ணுக்கு மறைவாகப் போவது என்னவென்று சல்லடைக்கும் அப்போது தெரிந்துகொண்டுதான் இருந்தது.

கிளம்பிய காலை மற்றக் காலைகளைப் போலத்தான் இருந்தது. கட்டுமான வேலைக்கென்று வாங்கிய கனத்த பூட்ஸ் பெட்டிக்குள் அடங்காததால் காலிலேயே மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள என்னடி மிலிட்டரி மாதிரி," என்றார் மாமியார் கட்டிலில் இருந்து. அப்புறம் கிட்டே வரச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்குச் சரியாச் சாப்பிடத் தெரியாது. நான் பாத்துக்கிறேன். நீ போற எடத்துல வேளைக்குச் சாப்பிடு. கணக்கு எங்கயும் ஓடிப் போகாது."

"சரி அத்தை."

பிடித்த கையை அவர் விடவில்லை. இவளும் உருவிக்கொள்ளவில்லை. கீழே வாடகை வண்டி ஹாரன் அடித்தது. மாமியார்தான் கடைசியில் விரலைத் தளர்த்தினார்.

புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போய் வண்டியில் ஏற்றிவிட்டு மேலே வந்தார். ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றவரை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அம்மாவைத் தனியே விட வேண்டாம் என்பது அவள் சொன்ன காரணம். வந்தால் ரயில் ஏற மாட்டேன் என்பது சொல்லாதது. வாசலில் இருவரும் நின்றார்கள்.

"எழும்பினதும் சொல்லு," என்றார் அவர். "ஒரு நாள் லீவு போட்டு வந்து பாக்குறேன்."

"தொட்டுப் பாக்கணும். சும்மா பாத்துட்டுப் போகக் கூடாது."

"சுடுமே."

"அதுக்குத்தானே," என்றாள்.

அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரி செய்யக் கை எழுந்தது. சரி செய்தால் அந்தக் கை அங்கேயே நின்றுவிடும் என்று தோன்றியது. கையை இறக்கிக்கொண்டாள். "வரேன்," என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கதவைத் தாண்டி வெளியே நடந்தாள்.